பயம் இருக்கிறவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொன்னது?

எங்கள் சபை வட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே மாதிரியான செய்திகள். விசுவாசிக்குக் கவலை கிடையாது, பயப்படுகிறவன் ஜெபிக்காதவன் என்று பூப்போட்ட படங்களில் எழுதி வருகின்றன. அனுப்புகிறவர்கள் நல்ல மனுசர்தான். ஆனால் அம்மாவின் கழுத்துக் கட்டியில் துண்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு எப்ப வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவை ஆறுதல் தரவில்லை. இருந்த பயம் போதாதென்று, பயப்படுகிறேனே என்ற குற்றவுணர்வும் வந்து சேர்ந்தது.

வேதாகமத்தை வாசித்தால் அதில் இருப்பவர்கள் யாரும் அப்படிப் பயமற்றவர்களாகத் தெரியவில்லை. 150 சங்கீதங்களில் எத்தனை சங்கீதம் முறைப்பாடு! எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று 13ஆம் சங்கீதம் கடவுளிடம் நேரடியாகவே கேட்கிறது. 88ஆம் சங்கீதமோ இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதலுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அதையும் யாரும் கிழித்தெறியவில்லை. ஆயிரக்கணக்கான வருசமாக ஜெபமாகத்தான் வாசிக்கிறார்கள்.

'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்ற பிலிப்பியர் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஏனோ யாரும் படம் போட்டு அனுப்புவதில்லை. பவுலுக்கு உதவ பிலிப்பி சபையார் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்த கதை அங்கே இருக்கிறது. அவன் செத்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுல் சொல்கிறார். அவனை உங்களிடம் அனுப்பிவைத்தால்தான் என் மனப்பாரம் குறையும் என்றும் சொல்கிறார். கவலைப்படாதேயுங்கள் என்று எழுதிய அதே ஆள்தான்!

எனக்குப் பிடித்த இடம் அப்போஸ்தலர் 27, பவுல் கைதியாய்ப் போன கப்பல் புயலில் அகப்பட்ட கதை. கடலோடு வாழ்கிற திருகோணமலைக்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை. பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. சரக்கைக் கடலில் எறிந்தாயிற்று. தப்புவோம் என்ற நம்பிக்கை எல்லாம் போய்விட்டது என்று கப்பலில் இருந்தவரே எழுதுகிறார். நடுராத்திரியில் ஆழம் பார்த்தால் இருபது பாகம், சற்றுத் தள்ளிப் பார்த்தால் பதினைந்து. வாடைக்காற்றுக் காலத்தில் அகப்பட்ட எங்கள் மீனவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்: கரை கிட்ட, பாறையும் கிட்ட. கப்பலின் பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரத்தைப் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று இருந்தார்களாம்.

பவுல் அப்போது பிரசங்கம் வைக்கவில்லை. விடிகிற நேரத்தில், பதினாலு நாளாய் நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை, சாப்பிடுங்கள் என்று சொல்லி, அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, எல்லோருக்கும் முன்னால் பிட்டுத் தானே முதலில் சாப்பிடுகிறார். கப்பலில் 276 பேர். கப்பல் தப்பவில்லை என்பதையும் மறக்கக் கூடாது, அது உடைந்துதான் போனது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள்.

நம்பினால் ஒரு கெடுதலும் வராது என்று கிழக்கு மாகாணத்தில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? 2004இல் நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமியாய்க் கடல் வந்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் குண்டுவெடிப்பில் செத்தார்கள். அந்தத் தாய்தகப்பனிடம் போய் விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எங்கள் வீட்டுக்கு ஆறுதல் வந்த விதம் வேறு. பாலையூற்றில் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அன்ரி ஒரு நாள் பின்னேரம் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தா. "நீ சாப்பிடு பிள்ளை" என்றதோடு சரி, வேறு பேச்சில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து செபமாலையை உருட்டினா. நாங்கள் மெதடிஸ்த ஆட்கள், செபமாலை எங்களுக்குப் பழக்கமில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே நித்திரையாகிவிட்டா. என்னோடு வேலை செய்கிற அக்கா ஒருவர் கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்யப் போகிறேன், அம்மாவின் நட்சத்திரம் என்ன என்று போன் எடுத்துக் கேட்டா. எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்! "சரி விடுங்கோ, சாமி பேருக்கே செய்யிறன்" என்று சொல்லிவிட்டு வைத்தா. அன்றுதான் கொஞ்சம் சிரித்தோம். எங்கள் போதகர் வந்தார், 46ஆம் சங்கீதத்தை வாசித்தார், பிறகு அம்மாவின் கிளினிக் கொப்பியைப் பார்த்து, கொழும்புக்குப் போகிற நாளையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

கடவுளை நான் நம்புகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்கிறபோதும் நம்புகிறேன், படபடப்பு போவதில்லை. அந்த நேரத்தில் எனக்கு நீண்ட ஜெபம் வராது. "ஆண்டவரே, பயமாயிருக்கு" என்பதோடு முடிந்துவிடும். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

சோதனை முடிவு வந்துவிட்டது. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், வருகிற கிழமை இரவு பஸ்ஸில் போகிறோம். நோயாளியோடு வருகிறவர்கள் குறைந்த செலவில் தங்கக்கூடிய இடம் அங்கே கிட்டடியில் இருந்தால், தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். தமிழ் கதைக்கிற ஆட்களாக இருந்தால் அம்மாவுக்கு இன்னும் வசதி.