செத்துருச்சுன்னு சொல்ல அவ்வளவு அவசரமா?

இதை எழுதாம படுத்தா எனக்கு இன்னிக்குத் தூக்கம் வராது.

எழுபதுகள்ல செஞ்ச ஒரு பழைய கண்டென்சர் மைக். மூணு வருசம் சீட்டுக் கட்டி வாங்கினேன். இலங்கை மலையகத்துல எங்க தோட்டத்துல வயசானவங்க பாடுறதைப் பதிவு பண்ணத்தான் வாங்கினது. காமன் கூத்துப் பாட்டு, தாலாட்டு, எங்க அம்மாயி வாயில மட்டும் மிச்சமிருக்கிற ஒப்பாரி. மாசியில காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்ற ரெண்டு வாரம் இருக்கும்போது மைக்ல சத்தம் இறங்கிப்போச்சு. கொஞ்சம் உரக்கப் பாடினா கரகரன்னு உடையுது. பயந்துபோய் பஸ் ஏறி டவுனுக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் கழட்டினாரு, வோல்ட்டேஜ் அளக்கிற மல்டிமீட்டர் கம்பியை நேரா கேப்சூல் மேல, அதான் மைக்ல சத்தத்தை வாங்குற தகடு மேல, வச்சாரு. 0.3 வோல்ட். "கேப்சூலுக்குக் கரண்டே வரல தம்பி, செத்துருச்சு. அதுக்குக் கரண்டு குடுக்கிற ரெசிஸ்டரும் போயிருக்கும், மாத்திப் பாப்போம்"னாரு. ரெண்டு நிமிசம் ஆகல.

அண்ணே, கேப்சூலுக்கு வோல்ட்டேஜ் போறது 1 கிகா ஓம் ரெசிஸ்டர் வழியா. நூறு கோடி ஓம். உங்க மீட்டரோட உள்தடையே 10 மெகா ஓம்தான், ஒரு கோடி. அதைக் கொண்டுபோய் அங்க வச்சா இருக்கிற வோல்ட்டேஜ்ல நூத்துல ஒரு பங்குதான் மீட்டர்ல தெரியும். 0.3 காட்டினா உள்ள 30 வோல்ட் இருக்குன்னு அர்த்தம். நாற்பத்தஞ்சு கிட்ட இருக்க வேண்டிய இடத்துல முப்பதுதான் இருக்கு. மைக்குக்கு அரைவயித்துக் கஞ்சி. கஞ்சி எங்க ஒழுகுதுன்னு தேடணுமா, ஆளே போயிட்டாருன்னு சாவுத் தப்பு அடிக்கணுமா?

தேடுறது ஒண்ணும் மந்திரமில்ல. 1966ல நோர்வே வானொலி ஸ்டூடியோவுல அவசர விளக்குக்கு இருந்த 48 வோல்ட்டையே மைக்குக்கும் குடுக்கலாம்னு தொடங்கினதுதான் இந்த 48 வோல்ட் பேன்டம் பவர், அதாவது சத்தம் வர்ற அதே வயர் வழியா மிக்சர்ல இருந்து மைக்குக்குப் போற கரண்டு. அன்னிக்கிருந்து கணக்கு மாறல. மைக் வயர்ல மூணு பின். மிக்சருக்குள்ள ரெண்டாம் பின்னுக்கு ஒண்ணு, மூணாம் பின்னுக்கு ஒண்ணுன்னு ரெண்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர். மைக்கை மாட்டி வச்சுக்கிட்டே ஒண்ணாம் பின்னுக்கும் ரெண்டாம் பின்னுக்கும் நடுவுல அளக்கணும், அப்புறம் ஒண்ணுக்கும் மூணுக்கும். வீட்டுக்கு வந்து நான் அளந்தேன். மாட்டாம 48. மாட்டினா ரெண்டு பக்கமும் 31. 17 வோல்ட் விழுது. 17ஐ 6.8 கிலோ ஓமால வகுத்தா ஒரு பக்கம் 2.5 மில்லிஆம்பியர், ரெண்டும் சேத்து 5. ஒரு மில்லிஆம்பியர் கூட எடுக்காத மைக் இது!

மைக்குக்குள்ள பவர் லைன்ல இருந்த பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், கரண்டைத் தேக்கி வைக்கிற சாமான், அதுதான் ஒழுகுது. ஒரு காலைக் கழட்டி விட்டேன், 31 ஏறி 46 தாண்டிருச்சு. புதுசா 63 வோல்ட் தாங்குறது ஒண்ணு போட்டேன். ஒரு பிளேன்டி குடிக்கிற காசு. அவ்வளவுதான் வியாதி.

ஆனா அதுக்குள்ள அவரு வைத்தியம் பாத்து முடிச்சுட்டாரே! நல்லா இருந்த 1 கிகா ஓமைப் பிடுங்கிட்டு, கையில இருந்த 10 மெகா ஓமை ஈயம் வச்சுப் பத்தவச்சிருக்காரு. "பெரிய ரெசிஸ்டர்தான் தம்பி, ஒண்ணும் ஆகாது"ன்னாரு. ஆகும். கேப்சூலோட மின் கொள்ளளவு ஒரு 50 பிக்கோஃபாரட்னு வச்சுக்குங்க. 1 கிகா ஓம் இருந்தா 3 ஹெர்ட்ஸ் வரைக்கும் தாழ்ந்த சத்தத்தை மைக் பிடிக்கும். 10 மெகா ஓம் போட்டா ஏறக்குறைய 320 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் தேய்ஞ்சு போகும். தப்பு மேளத்தோட அடி எங்க இருக்கு? அம்மாயி நெஞ்சுக்குள்ள இருந்து இழுக்கிற அந்த இழுவை எங்க இருக்கு? எல்லாம் அந்தக் கீழதான். பதிவைப் போட்டுக் கேட்டேன், தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்கு, அதுக்கு மேல ஒரே இரைச்சல்.

இன்னொண்ணு. அந்த ரெசிஸ்டரை வெறுங்கையால தடவியிருக்காரு, பத்தவைக்கப் போட்ட ஃபிளக்ஸ் பசையைத் துடைக்கவே இல்ல. கீழ்நாட்டுல தப்பிச்சாலும் தப்பிச்சிருக்கும். இங்க சாயங்காலம் நாலு மணிக்கு மூட்டம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள வருது. அந்த எண்ணெய்ப் பசையில ஈரம் ஒட்டினா அதுவே கரண்டுக்குப் பாதை. பொரி பொரியிற மாதிரி படபடன்னு சத்தம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ரெண்டு தடவை கழுவி, ராத்திரி முழுக்க சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல மூடி வச்ச பிறகுதான் அது நின்னுச்சு.

திரும்பக் கடைக்குப் போய், கழட்டின ரெசிஸ்டரையாவது குடுங்கண்ணேன்னு கேட்டேன். "அது அன்னிக்கே கூட்டித் தள்ளியாச்சே தம்பி."

தெரியாட்டி தெரியலன்னு சொல்லித் திருப்பிக் குடுங்க, கும்பிட்டு வாங்கிட்டுப் போறேன். கழட்டுற சாமானை ஒரு சின்னப் பையில போட்டுக் கையில குடுங்க. ஒரு கிகா ஓம் ரெசிஸ்டர் இந்த மலையில எந்தக் கடையிலயும் இல்ல. கொழும்புக்குச் சொல்லி வச்சு அஞ்சு வாரம் ஆச்சு. காமனை எரிச்சும் முடிச்சாச்சு. அம்மாயிக்குப் பனிக்கு இளைப்பு வந்து, ரெண்டு வரி பாடினா நிறுத்தி மூச்சு வாங்குது. "மெசினு சரியாகிருச்சாய்யா?"ன்னு நேத்தும் கேட்டுச்சு.