பழைய லெப்டொப்பில் எஸ்.எஸ்.டி. போட்டால் எரிந்துவிடுமா?

ஹட்டன், தலவாக்கலை பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: “பத்து வருடப் பழைய லெப்டொப்பில் எஸ்.எஸ்.டி. போட்டால் மதர்போர்ட் எரிந்துவிடும். மலைநாட்டுக் குளிரும் அதற்கு ஒத்துவராது.” எஸ்.எஸ்.டி. என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகமே இல்லாத சேமிப்புக் கருவி. பதிவில் சொல்வது இரண்டுமே தவறு. இதை நம்பி, பிள்ளையின் உயர்தரப் படிப்புக்காகத் தோட்டக் குடும்பங்கள் கடன்பட்டுப் புது லெப்டொப் வாங்கப் போகின்றனவே என்பதுதான் என் கவலை.

சாட்டா எனும் இணைப்பு வகையைச் சேர்ந்த 2.5 அங்குல எஸ்.எஸ்.டி., பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே இணைப்பில் உட்காரும். இரண்டுக்கும் 5 வோல்ட்தான். அப்புறம் எப்படி எரியும்? மதர்போர்டில் (லெப்டொப்பின் முதன்மைச் சுற்றுப்பலகையில்) சாட்டாவின் பழைய பதிப்பான சாட்டா 2 மட்டுமே இருந்தால் வேகம் நொடிக்குச் சுமார் 300 மெகாபைட்டோடு நின்றுவிடும், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கின் சுழலும் தட்டில் தகவலைத் தேடி அலையும் நேரம் எஸ்.எஸ்.டி.யில் இல்லை. அதனால் விண்டோஸ் திறக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

சரி, குளிர்? சாதாரண எஸ்.எஸ்.டி.க்கள் 0 முதல் 70 பாகை செல்சியஸ் வரை இயங்கும். நுவரெலியாவின் சராசரியே 16 பாகை அளவில்தான். உறைபனி விழும் தை மாதக் காலையிலும் வீட்டுக்குள் 0 பாகைக்கு இறங்காது.

உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. எம்.2 எனும் சிறிய பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.க்குப் பழைய லெப்டொப் பலவற்றில் இடமே இருக்காது. சாட்டாவுக்கு முந்திய ஐ.டி.இ. எனும் இணைப்புள்ள மிகப் பழையவற்றில் சாட்டாவும் நேரடியாகப் பொருந்தாது. வாங்கும் முன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கைவைப்பதற்கு முன் சார்ஜரையும் பற்றரியையும் எடுத்துவிட வேண்டும்.