அருவி ஸ்டேஜில் கீழே நின்றவள் எழுதுகிறேன்

கனடாவில் இருக்கிற என் பெரியம்மாவின் மகன் போன கிழமை ஒரு படம் போட்டிருந்தார். பழைய டிவி கேம் பெட்டி, அதன் மேல் ஒரு மஞ்சள் கசட், பக்கத்தில் வயர் சுற்றிய இரண்டு ஜொய்ஸ்டிக். "அந்தக் காலத்து கேம்தான் கேம். இப்பத்தைய பிள்ளையளுக்கு இதெல்லாம் எங்க விளங்கப் போகுது" என்று மேலே எழுதியிருந்தார். நிறையப் பேர் ஹார்ட் போட்டிருந்தார்கள். அதில் பாதிப்பேர் திருகோணமலையில் எங்களோடு படித்தவர்கள். நானும் போட்டேன். ஆனால் அன்றிரவு அந்த வரி மனதுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. அண்ணாவுக்கு போன் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். சவூதியில் இருந்து லீவில் வந்த பெரியப்பா கொண்டுவந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. அவர்கள் வீடு உவர்மலையில், எங்கள் வீடு பாலையூற்றில். சனிக்கிழமை பின்னேரம் அப்பாவின் சைக்கிளில் முன்பாரில் இருந்து போவேன். நின்டெண்டோ என்ற பெயரெல்லாம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 1983இல் அந்த நிறுவனம் ஜப்பானில் விட்ட ஃபமிலி கொம்பியூட்டர் என்ற டிவி கேம் பெட்டியைப் பார்த்து யாரோ செய்த நகல்தான் எங்களிடம் இருந்தது. கசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே இருந்ததோ கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கேம்கள்தான், பெயரை மாற்றி மாற்றி வரும். கசட் வேலை செய்யாவிட்டால் கழற்றி வாயால் ஊதிவிட்டுப் போடுவோம். ஊதியதால் ஒன்றும் நடக்கவில்லை, கழற்றித் திரும்பப் போட்டபோது உலோகப் பற்கள் சரியாகப் பொருந்தியதுதான் காரணம் என்று பிறகு படித்தேன். உண்மையில் எச்சில் ஈரம் பட்டு அந்தப் பற்கள் கெட்டுப்போகுமாம். அப்போது யாராவது இதைச் சொல்லியிருந்தாலும் நாங்கள் ஊதித்தான் இருப்போம்.

பழைய கேம்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சூப்பர் மரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் வந்த அந்த கேம் முழுவதும் 40 கிலோபைட். இன்றைக்கு வட்ஸ்அப்பில் வருகிற ஒரு காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் எட்டு உலகத்தை அடக்கியிருக்கிறார்கள். இடம் பத்தாததால் மேலே மிதக்கிற முகிலையும் கீழே நிற்கிற பற்றையையும் ஒரே படத்தால் செய்திருக்கிறார்கள். முகிலுக்கு வெள்ளை, பற்றைக்குப் பச்சை. மகளுக்கு இதைக் காட்டியபோது அவள் கண்கள் விரிந்ததைப் பார்க்க வேண்டும். "எத்தனை நாளா அம்மா உங்களுக்கு இது தெரியாது?" என்று கேட்டாள். இருபது வருசத்துக்கு மேல் என்றேன்.

ஆனால் அந்தக் காலத்து கேம் எல்லாருடைய கேமும் இல்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கொன்ட்ரா என்று ஒரு கேம், ஓடி ஓடிச் சுடுவது. அதில் மூன்றாவது ஸ்டேஜ் ஓர் அருவி. விளையாடியவர்களுக்கு இப்போதே கண்ணுக்குள் வந்திருக்கும். அங்கே கேம் மேல்நோக்கிப் போகும். பாறைக்குப் பாறை தாவி ஏற வேண்டும். இரண்டு பேர் விளையாடினால், முந்தி ஏறுகிறவர் திரையையும் தன்னோடு மேலே இழுத்துக்கொண்டு போவார். கீழே நிற்கிறவரின் பாறை மெல்ல மெல்லத் திரையின் அடியில் மறையும். அவரை யாரும் சுட வேண்டியதில்லை. திரைக்கு வெளியே போனால் நின்ற இடத்திலேயே ஓர் உயிர் போய்விடும்.

அந்த வீட்டில் நாங்கள் ஆறு பிள்ளைகள், இரண்டு ஜொய்ஸ்டிக். எனக்கு முறை வருவது எப்போதாவது. வந்தாலும் அருவியில் போய்விடும். அண்ணா கிடுகிடுவென்று ஏறுவார், நான் இரண்டாவது பாறையில் நிற்பேன். தாவுகிற பட்டன் எது, சுடுகிற பட்டன் எது என்று விரலுக்குப் பழகுவதற்குள் என் மூன்று உயிரும் முடிந்துவிடும். "நீ வந்தால் கேம் பழுதாப்போகுது, தள்ளு" என்பார்கள். தள்ளிப்போய் பெரியம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து பார்ப்பேன். என் இளம் வயது கேம் நினைவு என்றால் பெரும்பாலும் அதுதான்: யாரோ விளையாட நான் பார்த்தது. இதை எழுதும்போதும் தொண்டை கொஞ்சம் அடைக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பத்துப் பன்னிரண்டு வயதுப் பொடியன்கள். வேகம் இல்லாதவருக்கு இடம் இல்லாதபடி அந்த கேம் செய்யப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது பெரிய இரகசியம் இல்லை. கொன்ட்ரா 1987இல் முதலில் காசு போட்டு விளையாடுகிற மெஷினில் வந்தது. அங்கே நீங்கள் சீக்கிரம் சாக வேண்டும், அப்போதுதான் அடுத்த காசு விழும். அந்தக் கொடுமைதான் பிறகு வீட்டுக்குள்ளும் வந்தது. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. பட்டன்களை இந்த வரிசையில் அழுத்தினால் கொன்ட்ராவில் முப்பது உயிர் கிடைக்கும், எங்கள் வயதுக்காரர்கள் நித்திரையில் கேட்டாலும் சொல்லுகிற கோட். அதன் கதை தெரியுமா? கொன்ட்ராவைச் செய்த கொனாமி நிறுவனத்தில் வேலை செய்த கசுஹிசா ஹஷிமொட்டோ, 1986இல் கிரேடியஸ் என்ற இன்னொரு கேமை வீட்டு மெஷினுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கத் தன்னாலேயே அதை முடிக்க முடியாமல் இருந்ததால் வைத்தது. கேமைச் செய்த மனிதருக்கே கடினம்! எங்களில் கொன்ட்ராவை முடித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தக் கோட்டால்தான் முடித்தார்கள். அதே ஆட்கள் இன்றைக்கு ஒரு பிள்ளை ஈசி மோடில் விளையாடினால் "இதெல்லாம் ஒரு விளையாட்டா" என்று கேட்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

எனக்கென்று இருந்தது பிரிக் கேம். கையடக்கமானது, இரண்டு பென்டோர்ச் பற்றரி போட வேண்டும். மேலிருந்து கட்டைகள் விழும் அந்த விளையாட்டை 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னொவ் என்ற ஒருவர் செய்தார் என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்தது. அதன் திரைக்கு வெளிச்சம் இல்லை. கரண்ட் இல்லாத இரவுகளில் விளக்கின் பக்கம் சரித்துப் பிடித்தால்தான் கட்டை தெரியும். வெளியே ஊரடங்கு. அம்மா சத்தத்தைக் குறை என்பா. அந்தச் சின்னப் பெட்டிக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன், ஏனென்றால் அது என்னைத் தள்ளு என்று சொல்லவில்லை.

எனக்கு இப்போது 39. மூன்று வருசத்துக்கு முன்பு, மகளுக்காக வாங்கிய லப்டொப்பில்தான் திரும்பத் தொடங்கினேன். செலெஸ்ட் என்று ஒரு கேம், 2018இல் வந்தது. ஒரு பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். கதை அவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு திரையும் ஒரு மலை. அதில் வேகத்தைப் பாதி வரைக்கும் நாமே குறைத்துக்கொள்ளலாம். செத்தால் அதே திரையில் உடனே திரும்ப நிற்கலாம். எத்தனை தரம் செத்தீர்கள் என்று எண்ணிக் காட்டும், அதைப் பார்த்துப் பெருமைப்படுங்கள், சாகச் சாகத்தான் படிக்கிறீர்கள் என்றும் சொல்லும். நான் இரண்டாயிரத்துச் சொச்சம் தரம் செத்தேன். உச்சிக்குப் போன இரவு மகளை எழுப்பிக் காட்டினேன். பாலையூற்றில் விடியப்புறம் ஒரு மணிக்கு ஒரு தாயும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் இட் டேக்ஸ் டூ. 2021இல் வந்தது. இதைத் தனியாக விளையாடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். திரை இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒருவர் முந்திப் போய்க் கதவடியில் நின்றால், மற்றவர் வராமல் கதவு திறக்காது. மகள் முதலில் ஏறிவிட்டு, "அம்மா ஆறுதலா வாங்கோ, நான் நிக்கிறன்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்க நான் எத்தனை வருசம் காத்திருந்தேன் என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது.

புதியவை எல்லாம் விலை, எங்களால் முடியுமா என்று கேட்பீர்கள். நியாயம். டொலர் ஏறக்குறைய 300 ரூபாய் நிற்கிற நாட்டில் நானும் தள்ளுபடி வரும்வரை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்துதான் வாங்குகிறேன். ஆனால் அந்தப் பழைய பெட்டியும் சவூதிக் காசு வந்த வீட்டில்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

இன்னொன்று, சேவ், அதாவது விட்ட இடத்தை கேம் நினைவில் வைத்திருப்பது. மரியோவில் ஏழாவது உலகத்தில் நிற்கும்போது கரண்ட் போனால் எல்லாம் போச்சு. எத்தனை பின்னேரங்கள் அப்படிப் போயின! 2022இல் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் லப்டொப் பற்றரி செத்து அணையும். கரண்ட் வந்து திறந்தால் மகள் விட்ட இடத்திலேயே நிற்பாள்.

புதியதில் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. போனில் இலவசமாக வரும் சில கேம்களை நினைத்தால் வயிறு எரிகிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி, பதினாலு வயது, தாயின் போனில் இருந்த ரீலோட் காசு முழுவதையும் சக்கரம் சுற்றிச் சுற்றியே விட்டான். சுற்றினால் ஏதாவது விழும், என்ன விழும் என்று முன்கூட்டித் தெரியாது. இதற்குப் பெயர் விளையாட்டு இல்லை, சூது. காசு கொடுத்துத் திறக்கும் இப்படியான பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்று பெல்ஜியம் 2018இலேயே சொல்லிவிட்டது. இங்கே ஒரு பேச்சும் இல்லை. பெற்றோர்கள் "கேம் கெட்டது" என்று மொத்தமாக ஏசிவிட்டுப் போகிறார்கள். எந்த கேம், அது பிள்ளையிடம் என்ன கேட்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். காசு போடும் மெஷினின் குணம் அழியவில்லை, பொக்கற்றுக்குள் வந்திருக்கிறது. அண்ணாவின் கோபம் அதன் மேல் என்றால் நான் முழுமனதாக அவர் பக்கம்.

கடைசியாக வெண்பாவைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். ரொறொன்ரோவில் ஒரு சின்னக் குழு செய்து 2023இல் வெளியிட்ட கேம். எண்பதுகளில் தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை. தாயின் சமையல் கொப்பி கிழிந்து எழுத்து அழிந்துபோயிருக்கும், நாம் அதை ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024இல் பாஃப்டா விருது வாங்கியது. விருதைவிட எனக்குப் பெரியது எங்கள் வீட்டில் நடந்தது.

அம்மாவுக்கு கேம் என்றால் வெறுப்பு. அந்த நாளில் உவர்மலையில் இருந்து ஒரு லீவுக்கு டிவி கேம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கூட வந்திருக்க வேண்டிய வாத்துச் சுடுகிற பிளாஸ்டிக் துவக்கை மட்டும் அம்மா ரோட்டுக்குக் கொண்டுவரவே விடவில்லை. இடையில் சென்றி, அதாவது போர்க்காலச் சோதனைச் சாவடி, இருந்தது. பையைத் திறந்து பார்க்கிறவனுக்கு அது விளையாட்டுச் சாமான் என்று விளங்குவதற்குள் என்ன நடக்கும் என்று அவ பயந்தா. அந்தப் பயம் பிழை என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். டிவி கேம் என்றாலே அம்மாவுக்கு அந்தத் துவக்குத்தான்.

அப்படிப்பட்ட அம்மா, மகள் வெண்பாவில் இட்லிப் பானைக்குள் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது குசினியில் இருந்து வந்து பின்னால் நின்றா. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் அங்கே புதிர். பிழையாக அடுக்கினால் ஆவி ஏறாது. மகள் இரண்டு தரம் பிழைவிட்டாள். "பிள்ளை, அந்தத் தட்டைத் திருப்பி வை. இப்படி வச்சா எப்படி ஆவி போகும்" என்று சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா. பிட்டு வந்தபோது, குழலில் அவிக்கிறார்கள், ஓலையால் பின்னிய நீத்துப்பெட்டி இல்லையா என்று கேட்டா. முடியும்வரை எழும்பவில்லை. கதையில் வருகிற மகன் தன் பெயரை வெள்ளைக்காரப் பெயர் மாதிரி மாற்றிச் சொல்லுகிற இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தா. எழுபது வயதில் என் அம்மா முதன்முறையாக ஒரு கேமுக்குள் போனா, அவவுக்கு அங்கே தெரிந்த வேலை இருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்?

இதுவரை எழுதியதை அண்ணாவுக்கு அனுப்பினேன், வாசித்துவிட்டு நேற்றிரவு அழைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தப் பழைய பெட்டி உவர்மலை வீட்டு அலுமாரிக்கு மேல்தான் இருக்கிறது, துவக்கும் இருக்கிறது, எடுத்து மகளிடம் கொடு என்றார். எடுத்துவந்து தூசி தட்டிப் போட்டுப் பார்த்தோம். மரியோ வந்தது. வாத்தும் பறந்தது. துவக்கு மட்டும் வேலை செய்யவில்லை. அது டிவிக்கு ஒன்றையும் அனுப்புவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக மின்னும், அந்த வெளிச்சத்தைத் துவக்கின் வாயில் உள்ள கண் பிடிக்கும். இப்போதைய தட்டை டிவியில் அந்த வெளிச்சம் சரியான கணத்தில் வருவதில்லை. பெட்டி டிவிதான் வேண்டும்.

ஆகவே திருகோணமலையில் யாருடைய வீட்டுச் சாமான் அறையிலாவது வேலை செய்கிற பழைய பெட்டி டிவி கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நிலாவெளியோ கிண்ணியாவோ, நானே ஓட்டோ பிடித்து வந்து எடுக்கிறேன். வருகிற பள்ளி லீவுக்குள் கிடைத்தால் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு முதல் முறை.