'இப்ப வாங்கலாமா?' என்று கேட்பவர்களுக்கு

ஏறிக்கொண்டிருந்த ஒரு கிரிப்டோ காயினை வாங்கலாமா என்று கேட்ட தம்பி ஒருவருக்கு நான் அனுப்பிய பதில், ஸ்கிரீன்ஷாட்டாக நேற்று முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் பார்த்துவிட்டேன். அனுப்பி வைத்த எல்லோருக்கும் நன்றி. "இவர் பேச்சைக் கேட்டு வாங்காம விட்டேன், முப்பது சதவீதம் ஏறிடுச்சு, அண்ணன் வாழ்க!" என்று தலைப்பு வேறு. சரி, சிரியுங்கள். ஆனால் நான் எழுதியது இரண்டு வரி. "இந்த விலையில் துரத்த வேண்டாம்" என்பது முதல் வரி. "வாங்கியே தீருவேன் என்றால் வழக்கமாகப் போடுவதில் கால்வாசி மட்டும் போடுங்கள், பிரேக் அவுட் ஆன விலைக்குக் கீழே போனால் வெளியே வந்துவிடுங்கள்" என்பது இரண்டாவது. (பல நாள் முட்டி நின்ற விலையை உடைத்துக்கொண்டு ஏறுவதுதான் பிரேக் அவுட்.) அதை அழகாக வெட்டிவிட்டார் தம்பி. எந்தக் காயின் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதையும் டிப் என்று எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

நான் வருஷக்கணக்கில் கத்துவது ஒன்றுதான். ஏறுகிற காயினில் என்ட்ரி என்பது வாங்கும் விலை மட்டும் இல்லை. எந்த விலைக்குப் போனால் "என் கணிப்பு தப்பு" என்று விற்றுவிட்டு வருவீர்களோ, அதுவும் சேர்ந்ததுதான் என்ட்ரி. அது தெரியாமல் "இப்ப வாங்கலாமா" என்றால் பாதிக் கேள்விதான் கேட்கிறீர்கள்.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு காயின் பல வாரம் 100 ரூபாயில் முட்டி முட்டித் திரும்பி, ஒருநாள் நல்ல வால்யூமோடு, அதாவது நிறையப் பேர் வாங்கி விற்க, உடைத்துக்கொண்டு மேலே போகிறது. சின்ன ஆட்டத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு, 95-க்குக் கீழே வந்தால் அந்த பிரேக் அவுட் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 102-ல் வாங்கியவர் ஒரு காயினுக்கு 7 ரூபாயைப் பணயம் வைக்கிறார். 130-ல் வாங்குகிறவர் 35 ரூபாயை. ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தோடு விற்று வெளியே வரும் விலை, இரண்டு பேருக்கும் ஒரே இடம். 5,000 ரூபாய் போனால் தாங்குவேன் என்பவர் 102-ல் 700 காயின் வாங்கலாம், 130-ல் 140-ஐத் தாண்டக் கூடாது. தாமதமாக வந்தால் வாங்கவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? குறைவாக வாங்குங்கள் என்றேன். நம் ஆட்கள் செய்வது நேர் எதிர். 102-ல் பயந்து பயந்து இரண்டாயிரம். 130-ல் சீட்டுப் பணம் முழுக்க.

சீட்டுப் பணம் என்றதும் என் தங்கை வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறது. 2021 மே 9, ஞாயிறு காலை. மறுநாளிலிருந்து முழு ஊரடங்கு என்பதால் கறிக்கடை வரிசை தெரு முனை வரை நிற்கிறது. அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை ராத்திரி, 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டிவி காமெடி நிகழ்ச்சியில், டோஜ்காயின் என்ற கிரிப்டோ காயினைத் தூக்கிப் பிடித்துவந்த எலான் மஸ்க். டோஜ்காயின் ஒரு டாலரைத் தொடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜனவரியில் ஒரு சென்ட்டுக்கும் கீழே கிடந்தது, முந்தின நாள் 73 சென்ட் வரை போயிருந்தது. அதில் சீட்டுப் பணத்தைப் போட்டுவிட்டு என்னோடு வரிசையில் நின்றவரிடம் "எங்க விப்பீங்க மச்சான்?" என்று கேட்டேன். "விக்கிறதா? இப்பதான் ஆரம்பமே" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். நாங்கள் கடை வாசலை அடைவதற்குள் 50 சென்ட் பக்கம் வந்துவிட்டது. நெஞ்செலும்பு வேண்டுமா, தொடைக்கறியா என்று கடைக்காரர் இரண்டு தரம் கேட்டும் அவருக்கு வார்த்தை வரவில்லை. 2024 டிசம்பர் ஏற்றத்தில்கூட டோஜ் 50 சென்ட்டைத் தாண்டவில்லை. எவ்வளவு போட்டார் என்ற முழுத் தொகை என் தங்கைக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்தால் விசாரணை நடக்கும், நடக்கட்டும்.

"காத்திருந்தா பஸ் போயிடும்ணா" என்பவர்களுக்கு வருகிறேன். போகும், மறுக்கவில்லை. 2024 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்ததும் பிட்காயின் தன் பழைய உச்சமான 73 ஆயிரம் டாலர் சொச்சத்தை உடைத்தது. ரீடெஸ்ட் வரும், அதாவது உடைத்த விலைக்கு ஒரு தடவை திரும்பி வரும் என்று உட்கார்ந்திருந்தவர்களைச் சட்டை பண்ணாமல் டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. திரும்ப 75 ஆயிரத்துக்குக் கீழே வந்தது 2025 ஏப்ரலில், டிரம்ப்பின் இறக்குமதி வரிக் கலவரத்தில். அன்றைக்கு "இப்ப வாங்கலாமா" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே! "ஜீரோவுக்குப் போயிடுமாண்ணா" என்றுதான் கேட்டீர்கள். விலை இறங்கட்டும், வாங்குகிறேன் என்று சொன்ன அதே ஆட்கள்.

"பத்து மடங்கு லெவரேஜ்ல போனா சின்ன அசைவே போதும்" என்பவருக்கு (லெவரேஜ் என்றால் கைக்காசுக்கு மேல் பல மடங்கு கடனில் பந்தயம் கட்டுவது): 2025 அக்டோபர் 10. ஒரே நாளில் 1,900 கோடி டாலருக்கு மேல் லிக்விடேட் ஆனது, அதாவது விலை எதிர்ப்பக்கம் போனதும் அந்தப் பந்தயங்களை எக்ஸ்சேஞ்சே கட்டாயமாக மூடிவிட்டது. அவ்வளவுதான், அடுத்தவர் வரலாம்.

"தப்பாப் போனா வித்துட்டு வேற காயின்ல எடுத்துக்குவேன்." எடுங்கள். ஒன்றில் 10,000 லாபம், இன்னொன்றில் 10,000 நஷ்டம் என்றால் உங்கள் பையில் ஒன்றுமில்லை. வருமான வரித்துறைக்கு மட்டும் அது 10,000 லாபம், 3,000 ரூபாயும் செஸ்ஸும் கட்ட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இதுதான் சட்டம், நஷ்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள். விற்கும்போது முன்கூட்டியே பிடிக்கிற வரியான 1 சதவீத டிடிஎஸ் தனி. யூடியூப் தம்ப்நெயிலில் வாயைப் பிளந்து நிற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். அவருக்கு ரெஃபரல் லிங்க் இருக்கிறது, அதன் வழியாக நீங்கள் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன்.

எனக்கு என்ன இருக்கிறது? டெலிகிராம் குரூப் வைத்துக் காசு வாங்கினேனா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "அண்ணா அர்ஜென்ட்" என்று வரும். எழுந்து உட்கார்ந்து, சார்ட்டைப் பார்த்து, ஸ்டாப் லாஸ் எங்கே என்று எழுதி அனுப்புவேன். வீட்டில் திட்டும் வாங்குவேன். வாங்கி ஏறினால் அது அவர் புத்திசாலித்தனம். இறங்கினால் நான். வாங்காமல் விட்டு ஏறினாலும் நான்தானாம். ஸ்கிரீன்ஷாட் போட்ட தம்பி ஒரு மீம் காயினில் (டோஜ் மாதிரி கேலிக்காக ஆரம்பித்த காயின்) ஸ்டாப் லாஸோடு தப்பித்தபோது "காப்பாத்திட்டீங்கண்ணா" என்று குரல் நடுங்க அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் கிடக்கிறது. அதை வெளியே போடத் தெரியாமல் இல்லை. போடமாட்டேன்.

இனிமேல் "இப்ப வாங்கலாமா" என்று மட்டும் இன்பாக்ஸில் வந்தால் பதில் கிடையாது. எங்கே விற்பீர்கள், எவ்வளவு போனால் தாங்குவீர்கள், இரண்டையும் எழுதிவிட்டுக் கேளுங்கள், பகலில். "சும்மா ஒரு நம்பர் சொல்லுங்கண்ணா" என்பவர்களுக்கு பிளாக் பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.