1,285 ஓட்டு

போராடிய மாணவர் பின்னாளில் பதவிக்கு வந்தால் "விலை போயிட்டான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் பெரியப்பா 1965இல் மதுரையில் கல்லூரி மாணவர். இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் விழுந்த தடியடியில் வலது புருவம் பிளந்து தையல் போட்டார்கள். அந்த இடத்தில் கடைசிவரை முடி முளைக்கவில்லை.

ஜனவரி 25 அன்று மதுரையில் அரசியல் சட்டத்தின் 17ஆம் பகுதியை, அதாவது ஆட்சிமொழி பற்றிய பகுதியைக் கொளுத்திய மாணவர்களில் ஒருவர் கா. காளிமுத்து. அவரே பின்னாளில் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் அமைச்சர், 2001இல் சட்டப்பேரவைத் தலைவர். எரித்த சட்டத்தின் மீதே உறுதிமொழி எடுத்தாரே என்பார்கள். எரித்தது ஒரு பகுதியைத்தானே! மிச்சச் சட்டத்தின் கீழ் மரியாதையோடு வாழத்தான் அந்தப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். பதவிக்குப் போகாமல் இருந்திருந்தால் 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை யார் நிறைவேற்றியிருப்பார்கள்?

என்னை உறுத்துவது வேறு.

1967, விருதுநகர். மாணவர் போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற பெ. சீனிவாசன் தி.மு.க. வேட்பாளர். எதிரே காங்கிரசின் காமராசர். 1,285 ஓட்டில் காமராசர் தோற்றார். பெரியப்பாவின் ஊர் அந்தத் தொகுதிதான். முதல் ஓட்டு அது, சீனிவாசனுக்குப் போட்டார். அவர் தம்பி, என் அப்பா, காமராசர் கொண்டுவந்த மதிய உணவைச் சாப்பிட்டுத்தான் ஐந்தாம் வகுப்பு முடித்தவர். 1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரனைக் கொன்ற துப்பாக்கிச் சூடு நடந்தபோது முதலமைச்சர் பக்தவத்சலம், காமராசர் இல்லை. இதெல்லாம் தெரிந்தேதான் பெரியப்பா போட்டார். "சிதம்பரத்துல ராசேந்திரனச் சுட்டாங்களே, அந்தக் கணக்க யார்கிட்டடா கேக்குறது? ஓட்டுச் சீட்டுல அந்தக் கட்சிதான இருந்துச்சு" என்பார். ஆனால் முடிவு வந்த ராத்திரி சாப்பிடாமல் படுத்தாராம். பெரியம்மா சொல்லியிருக்கிறார்.

அந்தப் பட்டினியை நான் மதிக்கிறேன். தான் செய்தது சரி என்று நம்பிக்கொண்டே அதற்காக வருந்தத் தெரிந்த மனசு அது. தலைவர்களிடம் நான் தேடுவதும் அதைத்தான்.

1971இல் அதே சிதம்பரம், அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகம். முதலமைச்சர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்ததை மாணவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் அடித்தது. உதயகுமார் என்ற மாணவர் குளத்தில் பிணமாகக் கிடந்தார். மாணவர்கள் தோளில் ஏறி வந்த ஆட்சி அது. 1965இல் முன்னால் நின்ற பலர் அப்போது ஆளுங்கட்சிக்காரர்கள். ஒரு மாணவத் தலைவரை நான் எடைபோடுவது இந்த இடத்தில்தான். தடி தன் பக்கம் வந்த பிறகு, அடிபடுகிறவன் முகத்தில் தன் பழைய முகம் தெரிந்ததா?

பெரியப்பா இறந்தபின் அவர் டிரங்குப் பெட்டியில் ஒரு கடித நகல் கிடைத்தது. கூடப் போராடி, பிறகு கட்சியில் பொறுப்புக்குப் போன நண்பருக்கு 1971இல் எழுதியது. நலம் விசாரிப்புக்கு அப்புறம் ஒரே வரி: "பையன்களை அடிக்கிறாங்களாமே, நீ கேட்டியா?"

பெட்டி முழுக்கத் தேடினோம். பதில் எதுவும் இல்லை.