‘இல்லை’ என்று ஒரு கடிதம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. காலைப் பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம், கலைந்த நேரம். கடதாசிக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி ராஜம்மா வருகிறார். செல்வம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

செல்வம்: என்னக்கா, இன்றைக்கும் கொழுந்துக்குப் போகவில்லையா?

ராஜம்மா: அரைப்பேரும் போச்சு, முழுப்பேரும் போச்சு தம்பி, இன்றைக்குச் சம்பளமே இல்லை. அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கிறேன். இந்தியாவில், கோத்தகிரியில் சித்தியின் பேத்திக்குக் கல்யாணம்.

செல்வம்: நல்லதுதானே. படம் எடுத்தாச்சா?

ராஜம்மா: அதைக் கேளு. ஸ்டூடியோக்காரன் காசை வாங்கிக்கொண்டு ஒரு துண்டைத்தான் கொடுத்தான். படம் கம்ப்யூட்டரில் நேரே கொழும்புக்குப் போய்விட்டதாம். “நான் பார்க்காத கொழும்பை என் மூஞ்சி மட்டும் பார்த்திருச்சா?” என்று அம்மா அங்கேயே சண்டை.

செல்வம்: அதுவாவது போய்ச் சேர்ந்ததே. அப்புறம்?

ராஜம்மா: பிறப்புப் பத்திரம். லயத்து வீட்டில் பிறந்ததை அந்தக் காலத்தில் யார் போய்ப் பதிந்தார்கள்? சரி, உத்தேச வயதுப் பத்திரம் எடுக்கலாம் என்றார்கள். அதற்கு முதலில் புத்தகத்தில் தேடி, ‘பதிவு இல்லை’ என்று ஒரு கடிதம் வாங்க வேண்டுமாம்.

செல்வம்: இல்லாததற்கும் கடிதமா?

ராஜம்மா: தேடுவதற்கு வேறு விண்ணப்பம். அதில் பிறந்த திகதியைக் கேட்கிறார்கள்.

செல்வம்: அது தெரிந்தால் நாம் ஏன் இந்தக் கந்தோர் பக்கம் வருகிறோம்!

ராஜம்மா: நானும் அதைத்தான் கேட்டேன். கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அம்மாவையே விசாரித்தார். “பெரிய தொரை மோட்டார் சைக்கிளோட தண்ணிக் கானுக்குள்ள விழுந்த வருசம், மாரியம்மன் தேர் முடிஞ்சு எட்டாம் நாள்” என்றது அம்மா. எழுதக் குனிந்தவர் நிமிரவேயில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

செல்வம்: சாதகம் இருந்தால் காட்டலாமே. இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பதிவு.

ராஜம்மா: பள்ளிக்கூடமா? குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இருந்து நேரே கொழுந்துக் கூடை. உனக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?

செல்வம்: கந்தோர் வாசலில் வெயிட்டிங் நின்றே படித்ததுதான்.

ராஜம்மா: 1964இல் இங்கத்தைய பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, நம் இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேர் அங்கே இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று பிரித்தார்களே, நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? சித்தியை ரயிலேற்றி, தலைமன்னாரில் கப்பலேற்றி அனுப்பியாச்சு. அம்மா எந்தக் கணக்கில் தங்கியதோ, அதற்கே தெரியாது.

செல்வம்: அது கவர்ன்மெண்ட் காரியம் அக்கா, தானாக நடக்கும். இது கல்யாணம்தானே! கப்பல் என்றதும் ஞாபகம் வருகிறது, 2023இல் இருந்து காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் விட்டிருக்கிறார்கள். பிளேன் காசு மிச்சம்.

ராஜம்மா: கப்பல் இருக்கிறது தம்பி. ஏற வேண்டிய ஆள்தான் இன்னும் பிறக்கவில்லை.

செல்வம்: அப்படியென்றால் கல்யாணம் முடிந்ததும் சித்தியை இங்கே வரச் சொல்லுங்களேன்.

ராஜம்மா: அதுவும் அங்கே பாஸ்போர்ட்டுக்குத்தான் அலைகிறது. இங்கிருந்து போகும்போது கொடுத்த குடும்ப அட்டையைக் கரையான் அரித்துவிட்டதாம். ஹட்டனில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்கிறார்களாம்.

செல்வம்: சித்தி பிறந்தது...?

ராஜம்மா: அதே லயம், அதே காம்பரா. நேற்று ராத்திரி போன் எடுத்து, “ராஜம்மா, போறதுதான் போற, எனக்கும் ஒரு ‘இல்லை’ வாங்கி அனுப்பு” என்கிறது.

செல்வம்: ஏறுங்கக்கா. ரெண்டு ‘இல்லை’க்கும் ஒரே ஹயர்தான். வெயிட்டிங் காசை மட்டும் பிறகு பேசுவோம்.