அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

நேற்றிலிருந்து நம்ம ஊர் வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிற அந்த வங்கி வீடியோவைப் பற்றித்தான்; ஒரு பெரியவர் ஓடிபி அடிக்க முடியாமல் திணறுவாரே, அது. "பெருசுக்கு மெமரி ஃபுல்" என்று தலைப்பு வேறு. என்னே ஒரு அறிவு!

சிரித்து முடித்தாயிற்றா? சரி, இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். ஒரு கையில் போன், மறு கையில் மூக்குக்கண்ணாடி. ஓடிபியில் முதல் மூன்று இலக்கத்தைச் சரியாகத்தான் அடிக்கிறார். அதற்குள் கவுன்ட்டரில் இருந்து "ஆதார் ஜெராக்ஸ் இருக்குதுங்களா?" என்று ஒரு கேள்வி. பெரியவர் மஞ்சப்பையைத் துழாவுகிறார். நிமிர்ந்தால் மீதி இலக்கங்கள் மனசில் இல்லை, போன் திரையும் அணைந்துவிட்டது. இதில் எங்கே வந்தது மெமரி ஃபுல்?

கைவேலை முடியும்வரை சில நொடிகள் மனசில் பிடித்து வைத்திருப்பதைச் செயல்நினைவு என்பார்கள். அது யாருக்குமே சிறிசுதான். ஏழு விஷயம் வரை தாங்கும் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் என்கிற உளவியலாளர் எழுதினார். அதெல்லாம் இல்லை, நாலுதான் என்று 2001இல் நெல்சன் கோவன் என்கிற இன்னொரு உளவியலாளர் குறைத்தார். அதுவும் இளவயதுக்காரர்களுக்கு. முப்பதைத் தாண்டினால் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை வயதாக ஆகத் தளர்வதால், நடுவில் நுழைகிற பேச்சை ஒதுக்கித் தள்ளுவதும் சிரமம். ஆதார் கேள்வி செய்த வேலை அதுதான். சேமித்து வைத்தது எதுவும் காலியாகிவிடவில்லை.

எங்க அப்புச்சி கடைசிக் காலத்தில் நாலு சாமான் வாங்கப் போனால் இரண்டோடு வருவார். அதே மனிதர் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எந்த வருசம் எந்தக் காளையை யாருக்கு எவ்வளவுக்கு விற்றார் என்று, காளையின் சுழி உட்பட, விடிய விடியச் சொல்லுவார். வீட்டில் யாரும் அவரைப் படம் பிடித்துச் சிரிக்கவில்லை. அப்போது கேமரா போன் இல்லை, அது அவர் அதிர்ஷ்டம்.

"அப்போ மறதி நோயே கிடையாதா மேடம்?" என்று ஒருத்தர் வருவார், தெரியும். உண்டுங்க. பழகின வழி தெரியாமல் நிற்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இதெல்லாம் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். "பின்னால் வரிசை நிற்குதே?" என்பவர்களுக்கு: நிற்கட்டும்.

வயசு மட்டும் காரணமும் இல்லை. 2022இல் பாரிஸ் ஆய்வாளர்கள் சிலரை ஆறு மணி நேரத்துக்கு மேல் மூளைக்குக் கடினமான வேலை செய்ய வைத்துப் பார்த்தார்கள். முன்மூளையின் பக்கவாட்டில் குளுட்டமேட் என்கிற வேதிப்பொருள், எளிய வேலை செய்தவர்களைவிட அதிகமாகச் சேர்ந்திருந்தது. களைப்பு வெறும் சாக்கு அல்ல. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் வாரத்தில் கணக்குப் பார்ப்பவள் நான். சாயங்காலம் பில் நம்பரை ஒரு திரையில் பார்த்து அடுத்த திரைக்குப் போவதற்குள் போயே போச்சு. பக்கத்து சீட்டுப் பையனுக்கு இருபத்தைந்து வயசு, அவனும் அதே நம்பரை என்னிடம் கேட்பான். அவனுக்கு வந்தால் "டென்ஷன்", எனக்கு வந்தால் "வயசாயிருச்சு அக்கா".

வீட்டிலும் அதே கதைதான். "இப்பத்தானேம்மா சொன்னேன்!" என்று மகள் பல்லைக் கடிக்கிறாள். இப்பத்தான் சொன்னாய் கண்ணு, குக்கர் விசிலுக்கு நடுவில், கையில் போனை வைத்துக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாய். மொத்த வீட்டுக் கேஸ் பதிவு, கரண்ட் பில், தாத்தா மாத்திரை, உன் ஃபீஸ் தேதி எல்லாம் யார் தலையில் ஓடுகிறது? அதற்கு மட்டும் ஒருவரும் வீடியோ எடுப்பதில்லை.

குழு அட்மினுக்கு: அந்த வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவர் அனுமதி கேட்டா எடுத்தீர்கள்? அப்புறம், அதற்கு மூன்று சிரிப்புப் பொம்மை போட்ட என் கொழுந்தனார் மகனே, தீபாவளிக்கு வருவாயல்ல, வா, பேசிக்கொள்ளலாம்.